முதுமையை நோக்கித் தமிழகம்: உழைப்பவர் எண்ணிக்கையும் அரசின் செலவும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 75 லட்சம் பேர். நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றே அதிகம். மத்திய அரசு அமைத்த மக்கள்தொகை முன்கணிப்புத் தொழில்நுட்பக் குழு, இந்தப் பங்கு 2021-இல் 13.6 விழுக்காடாகவும், 2031-இல் 18.2 விழுக்காடாகவும், 2036-இல் 20.8 விழுக்காடாகவும் உயரும் எனக் கணித்தது. அப்போது மாநில மக்கள்தொகை ஏறத்தாழ 7.8 கோடியாக இருக்கும் என்பதால், முதியோர் எண்ணிக்கை 1.6 கோடியைத் தாண்டிவிடும். ஒரே தலைமுறைக் காலத்தில் முதியோர் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக, மொத்த மக்கள்தொகையின் வளர்ச்சியோ ஏறத்தாழ நின்றுவிடும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைவிட 60-ஐக் கடந்தவர்கள் கூடுதலாக இருப்பார்கள். கேரளத்தைத் தவிர இந்தியாவின் வேறெந்தப் பெரிய மாநிலமும் இந்த நிலையை இவ்வளவு விரைவில் எட்டப்போவதில்லை.

ஆயுள் நீண்டது இதற்கு ஒரு காரணம். பிறப்பு குறைந்தது அதைவிடப் பெரிய காரணம். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை 1970-களின் தொடக்கத்தில் நான்கை ஒட்டி இருந்தது. 2000-ஐ ஒட்டி அது 2.1 என்ற ஈடுசெய் அளவுக்கு இறங்கியது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் அது 1.4 மட்டுமே, அதே ஆண்டில் இந்தியாவின் சராசரி 2.0, பீகாரில் 3.0. இந்த இறக்கத்துக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மட்டும் காரணமில்லை. பெரியார் 1930-களிலேயே கருத்தடையைப் பெண் விடுதலையோடு இணைத்துப் பேசினார். 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரான ஆர். ஏ. கோபாலசாமியின் முயற்சியால், 1950-களிலேயே இங்கு அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை தரப்பட்டது. பெண் கல்வி, ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், குழந்தை இறப்பு குறைந்தது ஆகியவை எல்லாம் சேர்ந்து சிறு குடும்பத்தை வழக்கமாக்கின. ஈரோடு, நாமக்கல் போன்ற கொங்கு மாவட்டங்கள் இதில் முன்னே சென்றன. எனவே இன்றைய முதுமை ஒரு தோல்வியின் விளைவன்று. ஒரு சமூகம் நன்றாகச் செய்து முடித்த வேலைக்கு வந்திருக்கும் அடுத்த கட்டம் அது.

பிறப்பு குறையத் தொடங்கியதும் முதலில் கிடைப்பது ஆதாயமே. வளர்க்க வேண்டிய பிள்ளைகள் குறைகிறார்கள். முன்பு பிறந்த பெருந்தொகையினர் உழைக்கும் வயதுக்கு வருகிறார்கள். 1990-களிலிருந்து தமிழகத்தில் மோட்டார் வாகனம், பின்னலாடை, மென்பொருள், மின்னணுத் தொழில்கள் வளர்ந்ததற்கு இந்த இளைஞர் கூட்டமும் ஒரு துணை. அதே கூட்டம் 60-ஐ எட்டும்போது கணக்கு திரும்புகிறது. 15 முதல் 59 வயது வரையிலான நூறு பேருக்கு 2021-இல் ஏறத்தாழ 20 முதியோர் இருந்தனர்; 2031-இல் இது 28-ஐ ஒட்டும். பிரான்சில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக 115 ஆண்டுகள் ஆயின. ஜப்பானுக்கு 1970 முதல் 1994 வரை 24 ஆண்டுகளே பிடித்தன. ஆனால் ஜப்பான் அந்த 24 ஆண்டுகளில் உலகின் செல்வ நாடுகளில் ஒன்றாக இருந்தது. தமிழ்நாடு ஏறத்தாழ ஜப்பானின் வேகத்தில், அதன் வருமானத்தில் சிறு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கட்டத்துக்குள் நுழைகிறது. சிக்கலின் மையம் இதுதான்.

உழைப்பவர்கள் யார்?

வேலைச் சந்தையில் ஆள் பற்றாக்குறை ஏற்கெனவே தெரிகிறது. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்கள், கோவை வார்ப்படத் தொழிற்கூடங்கள், சென்னைக் கட்டுமானத் தளங்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், உணவகங்கள், ஏன், காவிரிப் படுகையில் நடவு வயல்கள் வரை பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களைக் காணலாம். அவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைக் கடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவியபோது, பலர் அஞ்சி ஊர் திரும்பினர். அரசும் தொழிலதிபர்களும் இந்தியில் அறிக்கை வெளியிட்டு அச்சம் போக்க வேண்டியிருந்தது. மாநிலத் தொழில்துறை யாரை நம்பி நிற்கிறது என்பதை அந்தச் சில நாள்கள் காட்டிவிட்டன.

ஆனால் இந்த வரவும் நிரந்தரமன்று. மேற்கு வங்கத்தில் ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை 2020-இலேயே தமிழகத்தைப் போல 1.4-க்கு இறங்கிவிட்டது. ஒடிசாவும் ஈடுசெய் அளவுக்குக் கீழே வந்துவிட்டது. பீகாரும் உத்தரப் பிரதேசமும் இன்னும் ஒரு தலைமுறைக் காலம் ஆள் அனுப்பலாம். அவர்களுக்காகக் கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகியவையும் போட்டியிடும். எனவே வருபவர்களைத் தங்கவைக்கும் மாநிலமே வெல்லும். 2020 அக்டோபரில் தமிழகம் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்ததால் வெளிமாநிலத்தவரும் இங்கே அரிசி வாங்க வழி பிறந்தது. அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி, வாடகைக்கு நல்ல குடியிருப்பு, நல வாரியப் பதிவு ஆகியவை இன்னும் அரைகுறையாகவே உள்ளன. தனி ஆளாக வந்து கொட்டகையில் தங்கி, ஆறு மாதத்தில் ஊர் திரும்பும் தொழிலாளியிடம் தொழில் நுணுக்கம் சேர்வதில்லை.

வெளியிலிருந்து ஆள் தேடும் மாநிலத்தின் வீடுகளுக்குள்ளேயே பயன்படாத உழைப்பு பேரளவில் இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது பெருமையோடு சொல்லப்படும் செய்தி. உயர்கல்வியில் சேர்வோர் விகிதமும் 2021-22 கணக்கில் இந்திய அளவில் 28 விழுக்காடாக இருக்க, இங்கே 47 விழுக்காடு. இருந்தும் உழைக்கும் வயதுப் பெண்களில் பெரும் பகுதியினர் கூலி வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கின்றனர். 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டது. இதில் முதியோரைக் கவனிப்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் அகலும்.

முதுமையும் பெண்களின் வேலையும் மோதும் இடம் இது. பொறியியல் படித்த மகளோ மருமகளோ, தந்தைக்கோ மாமனாருக்கோ பக்கவாதம் வந்ததும் வேலையை விடுகிறார். முதியோர் பெருகும்போது இப்படி வேலையை விடுவோரும் பெருகுவர். உழைப்பாளர் குறையும் காலத்தில், இருக்கும் உழைப்பாளரையும் முதுமை வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. 2021-இல் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணமும் பணிபுரியும் மகளிருக்கான தோழி விடுதிகளும் வாசல் வரை உதவுகின்றன. வாசலுக்கு உள்ளே இருக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதற்கு விடை இன்னும் வரவில்லை.

இன்னொரு வழி, உழைக்கும் காலத்தை நீட்டுவது. தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதம் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. ஓய்வுப் பலன்களை ஒரே நேரத்தில் தர வேண்டிய நெருக்கடி அதனால் தள்ளிப்போனது; வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களின் முறையும் தள்ளிப்போனது. ஆனால் ஓய்வு வயது என்ற ஒன்று இருப்பதே சிறுபான்மையினருக்குத்தான். இந்திய உழைப்பாளரில் பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாரா வேலையில் இருக்கிறார்கள். சித்தாள் வேலை செய்பவருக்கு 50 வயதிலேயே உடல் ஓய்ந்துவிடுகிறது. ஆயத்த ஆடை ஆலைகளும் மின்னணு ஆலைகளும் பெரும்பாலும் இளம் பெண்களையே தேடுகின்றன. கண் மங்கி, இடுப்பு வலி தொடங்கியதும் நாற்பதுகளிலேயே ஆலை வாசல் அடைபடுகிறது. மறுபுறம், 2017-18-இல் நடந்த இந்திய முதுமை நீள்நோக்கு ஆய்வின்படி 60-ஐக் கடந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆடு மேய்ப்பது, பூ கட்டுவது, காவலாளியாக இரவில் உட்கார்ந்திருப்பது என அந்த வேலைகள் பெரும்பாலும் சேமிப்பின்மையால் நேர்ந்தவை. தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிலும் வயதான பெண்கள் கணிசம். ஆக, வேண்டிய இடத்தில் உழைப்புக் காலம் குறுகியும், வேண்டாத இடத்தில் நீண்டும் கிடக்கிறது. ஓய்வு வயதை உயர்த்தும் அரசாணையால் இந்தக் கோணல் நிமிராது. ஆலைகளில் வேலைநேரம், இருக்கை, கண் பரிசோதனை, இடைவயதில் மறுபயிற்சி ஆகியவை மாற வேண்டும்.

வரவுசெலவுத் திட்டத்தில் முதுமை

அரசுச் செலவில் முதுமை நான்கு வழிகளில் நுழைகிறது: அரசு ஊழியர் ஓய்வூதியம், ஏழை முதியோர் உதவித்தொகை, மருத்துவம், பராமரிப்பு. இப்போதைக்கு இவற்றில் பெரியது முதலாவது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றுமே மாநிலத்தின் வருவாயில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்கின்றன. தமிழகம் 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றியது. மத்திய அரசு 2004 ஜனவரியில் அதைச் செய்தது. இந்த மாற்றத்தின் பயன் உடனே கிட்டாது. 2003-க்கு முன் சேர்ந்தவர்கள் 2030-களிலும் ஓய்வு பெற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களும் அவர்களின் துணைவரும் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஓய்வூதியம் பெறுவார்கள். வயது ஏறஏறத் தொகையும் ஏறும். மத்திய அரசு விதிப்படி 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுகிறது, நூறு வயதில் இரட்டிப்பாகிறது. இடையில் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்ற ஊழியர் சங்கங்களின் கோரிக்கை பல மாநிலங்களில் தேர்தல் வாக்குறுதியானது. உத்தரவாதம் கேட்பது நியாயம். ஆனால் உழைப்பாளரில் சிறு பகுதியினருக்கான உத்தரவாதத்துக்கு மாநிலத்தின் எதிர்கால வரி முழுவதும் அடமானம் வைக்கப்பட்டால், மற்ற முதியோருக்கு மிஞ்சுவது எதுவும் இல்லை.

அந்த மற்றவர்களின் நிலை எண்களில் எளிதாகத் தெரியும். தமிழகம் 1962-இலேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய முன்னோடி. கிராமத்தில் 'முதியோர் பணம்' என்றும் 'ஓஏபி' என்றும் சொல்லப்படும் இது 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனது. முதியோர், கணவரை இழந்தோர், மாற்றுத்திறனாளிகள் என எல்லாச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களையும் சேர்த்துப் பயன்பெறுவோர் 30 லட்சத்துக்கு மேல். ஆளுக்கு ஆண்டுக்கு 14,400 ரூபாய் என்று கொண்டால், 30 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 4,300 கோடி ரூபாய். 2036-இல் இருக்கக்கூடிய 1.6 கோடி முதியோரில் பாதிப் பேருக்கு இதே தொகையைக் கொடுத்தால் 11,500 கோடி ரூபாய் ஆகும். தொகையை வாழத்தக்க அளவுக்கு உயர்த்தினால் அது இன்னும் இரண்டு மூன்று மடங்கு. அரசின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இது மிரள வேண்டிய தொகையன்று. முன்கூட்டியே திட்டமிட வேண்டிய தொகை.

சேமிப்போடு வரும் முதுமை ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு வருங்கால வைப்பு நிதியின் விதியிலேயே ஒரு விளக்கம் உண்டு. பி.எஃப். பிடித்தம் உள்ள ஆலையில் வேலை செய்த பெண் மாத ஓய்வூதியம் பெற, பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும். பதினெட்டு வயதில் சேர்ந்து, திருமணம் ஆனதும் நின்று, சேர்ந்த பணத்தை நகைக்கும் சீருக்கும் எடுத்துவிடுபவருக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது. தகுதி பெற்றவருக்கும் 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய்தான். பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். பெரும்பாலும் தம்மைவிட மூத்தவரையே மணக்கிறார்கள். அதனால் முதுமையின் வறுமை பெரும்பாலும் கணவரை இழந்த மூதாட்டியின் வறுமையாகவே இருக்கிறது. சொத்தும் பெரும்பாலும் அவர் பெயரில் இருப்பதில்லை.

மருத்துவத்தில் தமிழகத்துக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. மருந்துகளைப் பொதுவாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரி. முதியோர் மருத்துவத்தைத் தனித்துறையாக நாட்டில் முதலில் வளர்த்தது சென்னை மருத்துவக் கல்லூரி. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இவற்றைவிட முக்கியமானது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. ஒரு மாத்திரையை ஒழுங்காகக் கொண்டுசேர்த்தால் பக்கவாதத்தையும் டயாலிசிஸையும் தள்ளிப்போடலாம். அரசுச் செலவைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

பராமரிப்புத்தான் இன்னும் தொடப்படாத பகுதி. முதுமை நீள்நோக்கு ஆய்வின் துணை ஆய்வு ஒன்று, 60-ஐக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதே விகிதம் 2036-இல் நிலவினாலும் தமிழகத்தில் ஏறத்தாழ 12 லட்சம் பேர். இவர்களுக்கு வேண்டியது மருத்துவரைவிட, நாள் முழுவதும் கூட இருக்கும் ஆள். இன்று அந்த ஆள் மனைவியோ மகளோ மருமகளோ; கூலி இல்லை, கணக்கிலும் இல்லை. பெற்றோரைக் காக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை பெற்றுத்தரும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகள் இருக்கிறார்கள், அருகில் இருக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள் என்ற நினைப்பில் எழுந்தது. ஒரே பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ பெங்களூருவிலோ இருக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டம் போதாது.

ஜப்பானின் அனுபவம் இங்கே நேரடியாகப் பயன்படும். 1973-இல் அந்நாடு 70 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கியது. வீட்டில் கவனிக்க ஆளில்லாத முதியோர் மாதக்கணக்கில் மருத்துவமனைகளிலேயே தங்கினர். செலவு கட்டுக்கடங்காமல் போனது. பத்தே ஆண்டுகளில் கட்டணம் திரும்ப வந்தது. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியது. 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் சந்தா கட்டுகிறார்கள்; செலவில் பாதி வரிப்பணம்; தேவையை அளந்து, வீட்டுக்கு உதவியாளர், பகல்நேர மையம், விடுதி எனச் சேவை தரப்படுகிறது; பயனாளி தன் பங்காகப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறார். அதற்கான பணத்தைத் திரட்ட அந்நாடு நுகர்வு வரியை 1989-இல் இருந்த 3 விழுக்காட்டிலிருந்து 2019-க்குள் 10 ஆக்கியது. பராமரிப்புக்கு வெளியே வழி செய்யாவிட்டால் மருத்துவமனையே முதியோர் இல்லமாகும் என்பது அங்கே கிடைத்த பாடம். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, உள்ளாட்சிகளும் தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்த்த வலி தணிப்புப் பராமரிப்பு, செல்வம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம் என்பதற்குச் சான்று. தமிழகத்தின் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பயிற்சி பெற்ற, மாதச் சம்பளம் வாங்கும் பராமரிப்பாளர்களை உருவாக்கினால் ஒரே செலவில் இரண்டு வேலை நடக்கும். ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்கும்; இன்னொரு பெண் தன் வேலைக்குத் திரும்பலாம்.

குழந்தைகளைப் பெருக்குவது விடையா?

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதல் குழந்தைகள் பெறச் சொன்னார். அடுத்த மாதமே அம்மாநிலம், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியை நீக்கியது. தொகுதி மறுவரையறையின்போது, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்குத் தண்டனையாக நாடாளுமன்ற இடங்கள் குறையுமோ என்ற அச்சமும் தமிழகத்தில் இந்தப் பேச்சோடு சேர்ந்துகொண்டது. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பிறப்பைக் கூட்டுவது முதுமைச் செலவுக்கு விடையாகாது. இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குச் செல்ல இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை முதியோரோடு குழந்தைகளும் சேர்ந்து, உழைப்பவர் மீதான பாரம் கூடவே செய்யும். பெருந்தொகை செலவிட்டும் தென்கொரியாவில் ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை 2023-இல் 0.72-க்கு இறங்கியது. பெண்களைக் குழந்தை பெறச் சொல்லும் அரசு, குழந்தை பெற்றதும் அவர்கள் ஏன் வேலையை விட நேர்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

மாநிலத்தின் கை கட்டப்பட்டிருப்பது வரிப் பக்கத்தில்தான். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் ஜப்பானைப் போல நுகர்வு வரியைத் தனியே உயர்த்தத் தமிழகத்தால் இயலாது. மிஞ்சியிருப்பவை பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி; இவை எல்லாம் சம்பாதிக்கும் வயதினரின் செலவைச் சார்ந்தவை. முதியவர்கள் புது வண்டி வாங்குவதும் மனை வாங்குவதும் குறைவு. ஆகவே செலவு ஏறும் அதே ஆண்டுகளில் வரவின் வேர் தளரும்.

நிதிப் பகிர்வு இந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. 1971 மக்கள்தொகையை விட்டு 2011-க்கு மாறிய 15-ஆவது நிதிக்குழு, பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்கு ஈடாக மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கு 12.5 விழுக்காடு மதிப்பளித்தது. வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடு. தமிழகத்தின் பங்கு 4.079 விழுக்காடாகவே நின்றது. ஒரு மாநிலத்தில் முதியோர் எத்தனை பேர் என்பது அந்த வாய்பாட்டில் இடம்பெறவில்லை. இளைய மாநிலங்களுக்குப் பள்ளிகள் வேண்டும். அவற்றுக்குக் கூடுதல் பணம் போவதில் தவறில்லை, அந்தப் பிள்ளைகளில் பலர் நாளை இங்கேதான் வேலைக்கு வருவார்கள். அதே அளவுகோலில் முதிய மாநிலங்களின் பராமரிப்புத் தேவையும் எடைபோடப்பட வேண்டும். 80 வயதுக்குட்பட்ட ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் மாதப் பங்கு 2007-இல் 200 ரூபாய். 2025-லும் அதே 200 ரூபாய்தான்.